பெரிய சின்சில்லாவோடு குட்டியைச் சேர்ப்பதற்கு முன்

கோபிசெட்டிபாளையத்திலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: “டாக்டருங்க, எங்க வீட்டுல மூணு வயசுப் பெண் சின்சில்லா இருக்குதுங்க. துணைக்கு இருக்கட்டும்னு ரெண்டரை மாசக் குட்டி ஒண்ணு வாங்குனோம். அதுவும் பொட்டைதான்னு கொடுத்தவரு சொன்னாருங்க. ஒரே கூண்டுல விட்டதும் பெருசு துரத்திருச்சு, குட்டிக்கு முதுகுல முடி கொத்தா வந்துருச்சு. இப்பத் தனித்தனியா வச்சிருக்கோம். மறுபடி எப்பங்க விடறது?”

தனியாக வைத்தது சரி அம்மா. இப்போதைக்கு அப்படியே இருக்கட்டும்.

முடி போனதற்காகப் பயப்பட வேண்டாம். சின்சில்லா அடர்ந்த மென்முடி கொண்ட, முயல் குட்டி அளவுள்ள கொறிக்கும் பிராணி. மிரண்டால் பிடிபட்ட இடத்து முடியை உதிர்த்துவிட்டுத் தப்புவது இதன் இயல்பு. தோலில் கடித்த காயம் இல்லையென்றால் சில மாதங்களில் வளர்ந்துவிடும். ஆனால் அந்த இடம் செதில் தட்டினாலோ, மூக்கு, கண் ஓரங்களிலும் முடி கொட்டினாலோ படர்தாமரையாக இருக்கலாம். அது பெரியதற்கும் ஒட்டும், உங்கள் கைக்கும் ஒட்டும்.

என் கவலை வேறு. குட்டி பெண் என்று யார் பார்த்தது? கொடுத்தவர் சொன்னதுதானே? வாட்ஸ்அப்பில் படம் அனுப்பி, பணத்தை வாங்கிக்கொண்டு, அட்டைப்பெட்டியில் நாலு ஓட்டை போட்டு பஸ்ஸில் ஏற்றிவிடும் இடைத்தரகரிடம் நீங்கள் ஆண் கேட்டால் ஆண், பெண் கேட்டால் பெண். பெண் சின்சில்லாவுக்கும் சிறுநீர்த் துவாரம் கூம்பாகத் துருத்தியிருக்கும், அதைப் பார்த்து ஆண் என்பார்கள். ஆணுக்கு விதைப்பை வெளியே தொங்காது, அதனால் பெண் என்பார்கள். பார்க்க வேண்டியது அந்தக் கூம்புக்கும் ஆசனவாய்க்கும் உள்ள இடைவெளியை. இரண்டும் ஒட்டியிருந்தால் பெண், நடுவில் தெளிவாக இடம் இருந்தால் ஆண். குட்டியிடம் இது குழப்பும் என்பதால் மருத்துவர் கையில் பிடித்துப் பார்க்கட்டும். ஆண் குட்டி மூன்று மாதத்திலேயே, சில சமயம் அதற்கு முன்பே, இனச்சேர்க்கைக்குத் தயாராகிவிடும். சினைக்காலம் 111 நாள். ஈன்ற உடனே மறுபடியும் சினை பிடிக்கும். துணைக்கு ஒன்று வாங்கப் போய் வீடு நிறையக் குட்டியோடு நிற்பவர்களுக்கு அந்தத் தரகர் அப்புறம் போன் எடுப்பதில்லை. பிறந்த தேதி, ஆணா பெண்ணா என்பது, விற்பவர் பெயர் மூன்றும் எழுதிய பில் கொடுக்காதவரிடம் இனி வாங்காதீர்கள்.

யாரிடம் காட்டுவது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். எங்கள் துறையே மாடு, ஆடு, கோழியைச் சுற்றிக் கட்டியது. நாமக்கல்லிலும் உடுமலையிலும் கால்நடை மருத்துவக் கல்லூரி இருந்தும், பக்கத்து மருந்தகத்தில் சின்சில்லாவைப் பிடிக்கத் தெரிந்தவர் கிடைப்பது இன்னும் அதிர்ஷ்டத்தைப் பொறுத்தே இருக்கிறது. விற்பனை வந்து சேர்ந்த வேகத்தில் வைத்தியம் வரவில்லை. ‘சின்சில்லா பார்ப்பீர்களா?’ என்று போனில் கேட்டுவிட்டுப் போங்கள். மெடிக்கலில் அமாக்ஸிசிலின் சிரப் வாங்கி நீங்களாகவே புகட்டிவிடாதீர்கள். அது இதன் குடலைக் கெடுத்துக் கொன்றேவிடும்.

மருத்துவர் பார்த்துப் பெண் என்று சொன்ன பிறகும், குட்டியிடம் நோய் ஏதும் இருந்தால் பெரியதற்கு ஒட்டாதபடி ஒரு மாதம் வேறு அறை. பெரியதற்கு முதலில் தீனி வைத்துவிட்டு, அப்புறம் குட்டியிடம் போங்கள். இதில் ஒரே ஒரு விதிவிலக்கு, அது நம் ஊர் வெயிலால் வருவது. சின்சில்லா ஆண்டிஸ் மலைக் குளிரில் வாழும் இனம். 25 டிகிரியைத் தாண்டினாலே அதற்கு ஆபத்து. சித்திரை வெயிலில் ஈரோட்டுப் பக்கம் 40 டிகிரி. வீட்டில் ஏசி ஒரே அறையில்தான் என்றால் நோய்க்குப் பயந்து குட்டியை வெப்பத்தில் விட முடியாது. அப்போது மட்டும் ஒரே அறையில் வையுங்கள். அதுவும் மருத்துவர் தோலையும் புழுக்கையையும் பார்த்த பிறகு, எதிரெதிர் மூலையில், தனித் தட்டு, தனிக் குளியல் மண்ணோடு (தண்ணீரில் அல்ல, எரிமலைச் சாம்பல் போன்ற மென்தூளில் புரண்டுதான் இது குளிக்கும்), கையைக் கழுவிவிட்டுத் தொடுவதாக இருந்தால். இரண்டு ஏசி அறை இருப்பவர்களுக்கு இந்தச் சலுகை கிடையாது. மாதப் பராமரிப்பு என்று காலை 9 மணிக்குக் கரண்டை நிறுத்தினால் மாலைதான் வரும். அந்த நாளுக்கு இன்வெர்ட்டர் ஏசியைத் தாங்குமா என்று முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். தாங்காது என்றால் குட்டி வாங்குவதையே ஐப்பசிக்குத் தள்ளியிருக்க வேண்டும்.

ஒரு மாதம் கழிந்ததும் கூண்டுகளை அருகருகே வையுங்கள். கம்பி வழியே விரலைக் கடிக்காதபடி நடுவில் ஒரு சாண் இடைவெளி இருக்கட்டும். குளியல் மண்ணை மாற்றி மாற்றி வைத்தால் ஒன்றின் வாசம் மற்றதற்குப் பழகும். ஆற்று மணலைச் சலித்து ‘எரிமலைச் சாம்பல்’ என்று விற்பவர்களும் உண்டு, ஏமாறாதீர்கள். பெரியது கம்பியருகே நிம்மதியாகப் படுக்கத் தொடங்கினால், இரண்டுக்கும் சொந்தமில்லாத ஓர் இடத்தில் பத்து நிமிடம் விடுங்கள். கூடவே நீங்கள் உட்கார்ந்திருக்க வேண்டும்.

கொஞ்சம் துரத்தும், மேலே ஏறும். அது யார் பெரியவர் என்று காட்டுவது. பின்னங்காலில் நிமிர்ந்து சிறுநீரைப் பீச்சினாலோ, பல்லை நறநறத்தாலோ, முடி பறந்தாலோ பிரித்துவிட்டு ஒரு வாரம் பின்வாங்குங்கள். இரண்டையும் சின்னப் பெட்டியில் அடைத்து ஆட்டிக்கொண்டே காரில் சுற்றினால் ஒட்டிக்கொள்ளும் என்று யாராவது வீடியோ காட்டினால் கேட்காதீர்கள். பயத்தில் ஒடுங்கிக் கிடப்பதை நட்பு என்று சொல்கிறார்கள்.

கடைசிவரை ஒத்துப்போகவில்லை என்றால் இரண்டு கூண்டு பக்கத்துப் பக்கத்தில் இருந்துவிட்டுப் போகட்டும், அதிலும் துணை உண்டு. ‘மாற்றித் தருகிறேன்’ என்று தரகர் சொன்னால் குட்டியைத் திருப்பி அனுப்பாதீர்கள். அதே பெட்டியில் அடுத்த வீட்டுக்குப் போகும்.