வீட்டிலேயே சோபா செய்து, அதற்கு நாமே குஷன் போட முடியுமா? காசு மிச்சமாகுமா?

முடியும். ஆனால் முதல் தடவை காசு மிச்சமாகாது. ட்ரில், ஸ்டேப்ளர் கன், வெட்டிக் கெடுத்த துணி எல்லாம் சேர்த்தால் கடை விலைக்குப் பக்கத்தில் வந்து நிற்கும்.

எடுத்ததும் சோபாவில் கை வைக்காதீர்கள். நான் தொடங்கியது ஒரு பெஞ்சில்தான்: 4 அடி நீளம், ஒன்றரை அடி அகலம். பழைய மரக்கடையில் தேக்குச் சட்டம் வாங்கினேன். இடித்த வீட்டு மரம் பல வருடம் காய்ந்திருக்கும், அவ்வளவாக முறுக்கிக்கொள்ளாது. உள்ளே ஒடிந்த ஆணி இருக்கலாம். காந்தத்தை ஓட்டிப் பார்த்துவிட்டு அறுங்கள். நான் பார்க்கவில்லை, ஒரு பிளேடு போச்சு.

உட்காரும் உயரம் 18 அங்குலம் இருக்க வேண்டும் என்று சட்டத்தையே 18 அங்குலத்துக்கு அடித்துவிட்டேன். அதன்மேல் பிளைவுட் பலகை, 4 அங்குல ஸ்பான்ஜ். அம்மா உட்கார்ந்தால் கால் தரையில் படவில்லை. "என்னடா, பரண் மேல ஏத்திட்ட?" என்றார். காலை 4 அங்குலம் அறுத்தேன் (பெஞ்சின் காலைத்தான்).

அடுத்து ஸ்பான்ஜ். பலரும் கோட்டை விடும் இடம் இதுதான். கடையில் கையால் அமுக்கிப் பார்த்து, கெட்டியாக இருக்கிறது, நல்ல சரக்கு என்று வாங்கினேன். எட்டே மாதத்தில் நடுவில் குழி. கெட்டித்தன்மை வேறு, டென்சிட்டி வேறு. 40 டென்சிட்டி என்றால் ஒரு கன மீட்டர் ஸ்பான்ஜ் 40 கிலோ எடை இருக்க வேண்டும். என் துண்டு சரியாக 2 கன அடி. அந்தக் கணக்கில் இரண்டேகால் கிலோ இருக்க வேண்டும். குழி விழுந்தபிறகு தராசில் வைத்தால் 1 கிலோ 300 கிராம்! தினமும் உட்காரும் இருக்கைக்கு 32-க்குக் கீழே போகாதீர்கள். கடையிலேயே எடை போட்டுக் காட்டச் சொல்லுங்கள். கடைக்காரர் முறைப்பார், பரவாயில்லை.

துணி போடுவது பயந்த அளவுக்குக் கஷ்டமில்லை. ஸ்பான்ஜைப் பலகையைவிட அரை அங்குலம் பெரிதாக வெட்டினால் துணி சுருக்கமில்லாமல் விறைப்பாக நிற்கும். துணியைக் கவிழ்த்து விரித்து, அதன்மேல் ஸ்பான்ஜ், மேலே பலகை. நான்கு பக்கமும் நடுவில் ஒவ்வொரு பின் அடித்துவிட்டு, எதிரெதிர்ப் பக்கமாக இழுத்துக்கொண்டே மூலையை நோக்கிப் போங்கள். மூலை மடிப்பு கடைசியில்தான். ஒரு பக்கத்தை முழுசாக அடித்து முடித்துவிட்டு அடுத்ததற்குப் போனால் கோடு போட்ட துணி கோணிக்கொண்டு நிற்கும்.

ரெக்சின் போடுவதாக இருந்தால் பலகையில் ஐந்தாறு ஓட்டை போட்டுவிடுங்கள். காற்று வெளியேற வழியில்லாவிட்டால் உட்காரும்போதெல்லாம் 'புஸ்' என்று சத்தம் வரும், வந்த விருந்தாளி தர்மசங்கடப்படுவார்.

சாய்வும் கைப்பிடியும் வைத்த சோபாவுக்கு நான் இன்னும் போகவில்லை. அதில் தையல் மெஷின் வேலை வேறு இருக்கிறது. செய்தவர்கள் யாராவது வந்து சொல்லட்டும்.