சீனியர் இல்லாத அறையில் நடந்த பாலிகிராஃப் சோதனை: கூண்டில் என்ன சொல்வது?

கேள்வி: தடய அறிவியல் ஆய்வகம் ஒன்றின் பாலிகிராஃப் (பொய் கண்டறியும் சோதனை) பிரிவில் பயிற்சி ஆய்வாளராக, தகுதிகாண் பருவத்தில் இருக்கிறேன். சேர்ந்த நாளிலிருந்து சீனியர் எல்லார் முன்னாலும் மட்டம் தட்டுகிறார். நான் போட்ட ஸ்கோரிங்கை (சோதனைப் பதிவுக்கான மதிப்பெண்ணை)த் தன் பெயரில் அனுப்புகிறார். ஒரு கொலை வழக்கில் சோதனை நடந்த அன்று அவர் வேறொரு கோர்ட்டில் சாட்சி சொல்லப் போயிருந்தார். "ஆரம்பி, வந்துடறேன்" என்று போனில் சொன்னவர் வரவே இல்லை. அவருடைய லாகினில் நானே முடித்தேன். சோதனைக்குப் பிந்தைய பேச்சில், சோதிக்கப்பட்ட எதிரி (குற்றம் சாட்டப்பட்டவர்) சொன்ன இடத்திலிருந்து போலீஸ் கத்தியை எடுத்தது. அறிக்கையில் 'நடத்தியவர்' என்று சீனியரும் 'உதவியவர்' என்று நானும் கையெழுத்துப் போட்டிருக்கிறோம். இப்போது எனக்கு செஷன்ஸ் கோர்ட் சம்மன் வந்திருக்கிறது. "நானும் இருந்தேன்னு சொல்லிடு, ரிசல்ட்தான் எவிடென்ஸே இல்லையே" என்கிறார். மறுத்தால் வேலை போகும், பாண்டு தொகையையும் (பாதியில் விலகினால் கட்டுவதாக எழுதிக் கொடுத்த பணம்) கட்ட வேண்டும் என்று மிரட்டல். இவர் மீது வழக்குப் போடலாமா? எல்லாவற்றையும் இயக்குநருக்குக் கடிதமாக எழுதி வைத்திருக்கிறேன், அனுப்பட்டுமா?

பதில்: அனுப்பாதீர்கள். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

உங்கள் கடிதத்தில் முக்கால்வாசி சீனியரைப் பற்றியது. நீங்கள் சொல்வதெல்லாம் நடந்திருக்கும், நான் சந்தேகப்படவில்லை. ஆனால் மட்டம் தட்டினார், பெயரை எடுத்துக்கொண்டார் என்பதை வைத்து வழக்குப் போட்டால் வருடக்கணக்கில் அலைவதுதான் மிச்சம். சட்டப்படி உங்கள் விஷயம் ஒன்றே ஒன்று. சோதனையை நடத்தியது யார் என்று கூண்டில் கேட்பார்கள். அதற்கு நீங்கள் என்ன பதில் சொல்லப் போகிறீர்கள்?

'ரிசல்ட் எவிடென்ஸ் இல்லை' என்று அவர் சொன்னது பாதி சரி. அந்தப் பாதியை நம்பித்தான் ஆட்கள் மாட்டுகிறார்கள். செல்வி எதிர் கர்நாடக அரசு வழக்கில் உச்ச நீதிமன்றம் 2010 மே 5 அன்று, சம்மதம் இல்லாமல் யாருக்கும் இந்தச் சோதனை நடத்தக் கூடாது, சம்மதத்தோடு நடத்தினாலும் முடிவை மட்டும் சாட்சியமாக ஏற்க முடியாது என்றது. இது உங்கள் பிரிவில் எல்லாருக்கும் மனப்பாடம். அதே தீர்ப்பு இன்னொன்றும் சொல்கிறது: ஒருவர் தானாக முன்வந்து உட்பட்ட சோதனையின் உதவியால் பிற்பாடு ஏதாவது கண்டெடுக்கப்பட்டால், அதைப் பழைய சாட்சியச் சட்டத்தின் 27-ஆவது பிரிவில் ஏற்கலாம். அந்தப் பிரிவு இப்போது புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியத்தில் 23-இன் காப்பு வாசகமாக (விதிவிலக்கு சொல்லும் பகுதியாக) இருக்கிறது.

ஆக, திரையில் ஓடிய கோடுகள் சாட்சியம் இல்லை, கத்தி சாட்சியம். கத்தி உள்ளே வர வேண்டுமென்றால் சோதனை தன்னிச்சையாக, முறைப்படி நடந்தது என்று அரசுத் தரப்பு காட்டியாக வேண்டும். அதைச் சொல்ல வேண்டியவர் அறையில் இருந்தவர், அதாவது நீங்கள். 'உதவியவர்' என்று போட்டிருப்பதால் பத்து நிமிடத்தில் இறங்கிவிடலாம் என்று நினைத்துப் போகாதீர்கள்.

நான் எதிரி தரப்பில் நின்றால் உங்களை எப்படிக் குறுக்கு விசாரணை செய்வேன் என்று சொல்கிறேன். பாலிகிராஃப் அறிவியலா இல்லையா என்ற பக்கமே போக மாட்டேன். மணி கேட்பேன். எத்தனை மணிக்கு ஆரம்பித்தீர்கள், முதல் சார்ட் (ஒரு சுற்றுக் கேள்விகளின் பதிவு) எப்போது முடிந்தது, சீனியர் எந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்? நீங்கள் அவரை அறையில் உட்கார வைத்த பிறகு, அதே நாளில் அவர் சாட்சி சொன்ன அந்த இன்னொரு கோர்ட்டின் வாக்குமூல நகலை நீட்டுவேன். தேதி இருக்கும், அவர் கையெழுத்து இருக்கும், கீழே நீதிபதி கையெழுத்து இருக்கும். அதற்குமேல் எனக்கு ஒன்றும் வேண்டாம்.

அது கிடைக்காமல் போனாலும் வீடியோ இருக்கும். மார்பில் மூச்சை அளக்கும் நியூமோ குழாயைக் கட்டுவது, புஜத்தில் ரத்த அழுத்தக் கஃப் சுற்றுவது, விரல் நுனியில் எலக்ட்ரோடு மாட்டுவது எல்லாம் உங்கள் கை. ஒவ்வொரு சார்ட்டிலும் அதே கேள்விகளை அதே தொனியில் திரும்பக் கேட்பது உங்கள் குரல். அப்புறம் உங்கள் பயிற்சி டைரி. எத்தனை சோதனை செய்தோம் என்று கணக்குக் காட்ட அன்றைய தேதியில் 'தனியாக நடத்தியது' என்று எழுதியிருப்பீர்கள் என்றே நினைக்கிறேன். இந்தச் சோதனைகளுக்குத் தேசிய மனித உரிமை ஆணையம் 2000-இல் கொடுத்த வழிகாட்டுதல்களைப் பின்பற்றத்தான் வேண்டும் என்று செல்வி தீர்ப்பு சொல்கிறது. சோதனையின்போது வக்கீல் இருக்க வேண்டும் என்பது அதில் ஒன்று. அன்று எதிரியின் வக்கீல் வந்திருந்தாரா? நீங்கள் எழுதவில்லை. வந்திருந்தால், சீனியர் இல்லை என்பதைக் கண்ணால் பார்த்தவரே உங்களைக் குறுக்கு விசாரணை செய்யப் போகிறார்.

இப்போதைக்கு உங்கள் மீதுள்ள சுமை சிறியது. தவறான விவரம் உள்ள அறிக்கையில், மேலதிகாரி சொன்னபடி ஒரு பயிற்சி ஆய்வாளர் கையெழுத்துப் போட்டிருக்கிறார், அவ்வளவுதான். அரசு ஊழியர் தவறான ஆவணம் தயாரிப்பது குற்றம்தான், ஆனால் அதற்குக் கெட்ட எண்ணத்தை நிரூபிக்க வேண்டும். உங்கள் விஷயத்தில் அது கஷ்டம். 'அவரும் இருந்தார்' என்று சத்தியப் பிரமாணத்துக்குப் பிறகு ஒரு வாக்கியம் சொன்னால் கதை மாறிவிடும். நீதிமன்ற நடவடிக்கையில் பொய்ச் சாட்சிக்கு புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா 229-இல் 7 ஆண்டு வரை சிறை. புகாரை நீதிமன்றமே கொடுக்கும். அந்த வாக்கியத்தைச் சொல்லச் சொன்னவர் பெயர் அதில் எங்கேயும் இருக்காது.

உண்மையைச் சொன்னால் நானே மாட்டிக்கொள்வேனே என்று கேட்பீர்கள். அதற்குத்தான் சாக்ஷிய அதினியத்தில் 137 இருக்கிறது. பதில் தனக்கு எதிராகத் திரும்பும் என்பதற்காகச் சாட்சி வாயை மூடிக்கொள்ள முடியாது. ஆனால் அப்படிக் கட்டாயத்தின் பேரில் சொன்ன பதிலை வைத்து அவரைக் கைது செய்யவோ, வழக்குத் தொடரவோ, குற்ற நடவடிக்கையில் அவருக்கு எதிராக நிரூபிக்கவோ முடியாது. பொய்ச் சாட்சி வழக்கு மட்டும் விதிவிலக்கு. 'கட்டாயம்' என்ற சொல்லில்தான் வாதம் வரும். அதனால் அந்தக் கேள்வி வந்ததும், "இதற்குப் பதில் சொன்னால் எனக்கு எதிராகத் திரும்பலாம், 137-இன் பாதுகாப்பைக் கோருகிறேன், கோர்ட் உத்தரவிட்டால் சொல்கிறேன்" என்று சொல்லுங்கள். அது வாக்குமூலத்தில் பதிவாகிறதா என்று பார்த்த பிறகு பதில் சொல்லுங்கள். துறை விசாரணைக்கு இந்தப் பாதுகாப்பு செல்லாது. அதை அப்புறம் பார்ப்போம்.

இனி அந்தக் கடிதம். கூண்டில் சொல்வதற்குத்தான் 137; நீங்களாக உட்கார்ந்து எழுதி அனுப்பும் கடிதத்துக்கு ஒரு பாதுகாப்பும் இல்லை. ஆய்வகத்திலும் போலீஸிலும் வேலை பார்த்தவர்கள் என்னிடம் வரும்போது பெரும்பாலும் இந்த மாதிரி ஒரு கடிதத்தின் நகலோடுதான் வருகிறார்கள். ராத்திரி கோபத்தில் எழுதியது. சீனியர் செய்த அநியாயம் நான்கு பக்கம் இருக்கும். நடுவில் ஒரு வரியில் 'அவர் சொன்னார் என்பதற்காகத் தெரிந்தேதான் கையெழுத்துப் போட்டேன்' என்றிருக்கும். நான்கு பக்கத்தை யாரும் படிப்பதில்லை. அந்த ஒரு வரியை எடுத்து சார்ஜ் மெமோவில் (துறைக் குற்றச்சாட்டுக் குறிப்பில்) ஒட்டிவிடுவார்கள். அதுவரை நிரூபிக்கக் கஷ்டமாக இருந்த 'தெரிந்தே' என்ற சொல்லைக் கடிதம் எழுதியவரே எழுதிக் கொடுத்திருப்பார்.

ஆதாரம் வேண்டும் என்று சார்ட்டையும் வீடியோவையும் பென் டிரைவில் எடுத்து வைத்திருக்கிறீர்களா? இதையும் நீங்கள் எழுதவில்லை, அதனாலேயே கேட்கிறேன். அனுமதியில்லாமல் அலுவலகக் கம்ப்யூட்டரிலிருந்து நகலெடுப்பது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 43-இல் வரும், கெட்ட எண்ணம் சேர்ந்தால் 66. எடுத்திருந்தால் யாருக்கும் அனுப்பாதீர்கள், அழிக்கவும் செய்யாதீர்கள், முதலில் உங்கள் வக்கீலிடம் சொல்லுங்கள். அறிக்கையையோ டைரியையோ இப்போது உட்கார்ந்து 'சரி' செய்யக் கூடாது. சீனியர் உங்களிடம் சாக்ஷிய அதினியம் 63(4)-இன் மின்னணுச் சான்றிதழை (கணினிப் பதிவைக் கோர்ட்டில் தாக்கல் செய்யத் தேவையானது) நீட்டி, நிபுணர் போட வேண்டிய பகுதியில் கையெழுத்துக் கேட்டால் போடாதீர்கள். நீங்கள் இன்னும் பயிற்சியில்தான் இருக்கிறீர்கள் என்று எழுத்திலேயே சொல்லுங்கள். அந்த ஒரு வரியை எழுதுவதில் ஆபத்தில்லை. போனில் "நானும் இருந்தேன்னு சொல்லிடு" என்று அவர் அனுப்பிய மெசேஜ் ஏதாவது இருந்தால் அந்த போனை மாற்றவே மாற்றாதீர்கள்.

வேலை விஷயத்தில் நேராகவே சொல்கிறேன்: சமரசமாக வெளியே வாருங்கள். தகுதிகாண் பருவத்தில் இருப்பவரைக் களங்கம் இல்லாத ஒரு வரி உத்தரவில் அனுப்பிவிடலாம். அதன் பின்னால் தண்டனை ஒளிந்திருந்தால் திரையை விலக்கிப் பார்ப்போம் என்று உச்ச நீதிமன்றம் 1974-இல் சம்ஷேர் சிங் வழக்கிலும் 1984-இல் அனூப் ஜெய்ஸ்வால் வழக்கிலும் சொல்லியிருக்கிறது. ஆனால் நீங்கள் ஜெயித்தாலும் திரும்பிப் போய் உட்காரப் போவது அதே அறையில். களங்கமில்லாத விடுவிப்பு, அனுபவச் சான்றிதழ், பாண்டு தொகையில் தள்ளுபடி அல்லது தவணை: இந்த மூன்றும் கிடைத்தால் வாங்கிக்கொண்டு கிளம்புங்கள். 'பாண்டெல்லாம் கோர்ட்டில் நிற்காது' என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். மூன்று ஆண்டுக்குள் விலகினால் 2 லட்சம் என்ற பொதுத்துறை வங்கியின் நிபந்தனையை உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் செல்லும் என்றுதான் தீர்ப்பளித்தது.

பேச்சை இயக்குநரோடு நடத்துங்கள், சீனியரோடு வேண்டாம். சாட்சி சொல்லி முடிக்கும் வரை எந்தச் சமரசக் காகிதத்திலும் கையெழுத்துப் போடாதீர்கள். முன்னாலேயே போட்டால், பாண்டு தொகைக்காகச் சாட்சியை மாற்றிச் சொன்னார் என்று யாராவது ஒரு தரப்பு கட்டாயம் கேட்கும். சாட்சியத்தைப் பற்றி ஒரு சொல்லாவது அந்தக் காகிதத்தில் இருந்தால் அது சமரசமே இல்லை, இன்னொரு குற்றம். சீனியர் மீதான புகாரை விட்டுக்கொடுக்கலாம், அதில் உங்களுக்கு நஷ்டமில்லை. கூண்டில் சொல்லப் போவதை வைத்து மட்டும் பேரம் பேச முடியாது.

சம்மன் தேதிக்கு முன்னால் உங்கள் வக்கீலை அழைத்துக்கொண்டு அரசு வக்கீலைப் பாருங்கள். அன்று அறையில் யார் இருந்தார்களோ அதைத்தான் சொல்வேன் என்று வாயால் மட்டும் சொல்லிவிடுங்கள். உங்களை விசாரிக்காமல் விட்டுவிடுவதா என்பதை அவர் முடிவு செய்துகொள்ளட்டும். அந்தச் சந்திப்புக்கு உங்கள் சீனியர் "நானும் வர்றேன்" என்பார். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.