உலகின் முதல் வெப்கேம் காபி இருக்கிறதா என்று பார்க்கத்தான் வைக்கப்பட்டதாமே, உண்மையா?

உண்மைதான். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் கம்ப்யூட்டர் லேபில் ட்ரோஜன் ரூம் என்ற அறைக்கு வெளியே ஒரே ஒரு காபி மெஷின். வேறு மாடியில் இருப்பவர்கள் படியிறங்கி வந்து பார்த்தால் காலி. கடுப்பாகாதா? 1991இல் அதற்கு நேராக ஒரு கேமராவை நிறுத்தி, படம் அவரவர் திரையின் மூலையில் தெரிகிற மாதிரி குவென்டின் ஸ்டாஃபோர்ட் ஃப்ரேசரும் பால் ஜார்டெட்ஸ்கியும் புரோகிராம் எழுதிவிட்டார்கள். நம்ம கொழிஞ்சாம்பாறையில் பொள்ளாச்சிக்குக் கிளம்பும் முன்னால், கோபாலபுரம் செக்போஸ்டில் லாரி எவ்வளவு தூரம் நிற்கிறது, ஒரு போட்டோ அனுப்புங்க அண்ணா என்று வாட்ஸப்பில் கேட்கிறோமே, அதே தேவைதான்.

படம் கறுப்பு வெள்ளை, 128க்கு 128 பிக்சல், நிமிடத்துக்கு மூன்று தடவை மாறினால் அதிகம். காபி இறங்குகிற வேகத்துக்கு அது போதாதா என்ன!

ஆனால் முதலில் இது லேபுக்குள் மட்டும் ஓடியது. பிரவுசர்களில் படம் காட்டும் வசதி வந்த பிறகு, 1993 நவம்பரில்தான் வெப்பில் ஏற்றினார்கள், அதனால் வெப்கேம் என்று கறாராகச் சொன்னால் வருஷம் 1993. அப்புறம் எங்கெங்கோ இருந்து ஆட்கள் அடுத்தவன் காபியை எட்டிப் பார்த்தார்கள்.

லேப் இடம் மாறியதால் 2001 ஆகஸ்ட் 22இல் நிறுத்திவிட்டார்கள். கடைசியாக அங்கே இருந்த க்ரப்ஸ் மெஷினை ஈபே ஏலத்தில் ஜெர்மனியின் ஷ்பீகல் ஆன்லைன் என்ற செய்தித் தளம் 3,350 பவுண்டுக்கு எடுத்தது.