தொடக்கப் பள்ளி ஆசிரியர் ஏஐ-யை எந்த அளவுக்கு நம்பலாம்?

சாட்ஜிபிடி போன்ற ஏஐ, தான் பழகிய ஏராளமான எழுத்துகளை வைத்து அடுத்து எந்தச் சொல் வரும் என்று கணித்து எழுதும் மென்பொருள். சொல்வது உண்மையா என்பது அதற்கு இரண்டாம்பட்சம். தெருமுனையில் வழி கேட்டால், தெரியாவிட்டாலும் தயங்காமல் கைகாட்டும் ஆளைப் போலத்தான்.

அதனால் மூன்றாம் வகுப்புக்குக் கடன் வாங்கிக் கழிக்கும் சந்தைக் கணக்குகள் வேண்டுமா, தாராளமாகக் கேளுங்கள். விடைகளை மட்டும் நீங்களே போட்டுப் பாருங்கள். ல, ள, ழ மயங்கொலிப் பயிற்சி என்றால் இன்னும் கவனம் தேவை. அது பழகியதில் ஆங்கிலமே அதிகம், தமிழ் கொஞ்சம்தான். குழந்தைகளின் பெயர், மதிப்பெண் எதையும் அதில் தட்டாதீர்கள்.

அப்புறம், ஏஐ என்றால் ஒவ்வொரு குழந்தை கையிலும் டேப்லெட் வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். வேண்டியதில்லை, சாட்ஜிபிடி விதிப்படியே 13 வயதுக்குக் கீழ் உள்ளவர்கள் பயன்படுத்தக் கூடாது. ஆசிரியரின் போன் ஒன்றே போதும்.