ஒளி சிகிச்சைக்கு அட்வான்ஸ் கட்டலாமா?

கேள்வி: என் அப்பாவுக்கு வயது 64. வலி எதுவும் இல்லாமல் இரண்டு முறை சிறுநீரில் ரத்தம் போனது. ஸ்கேன் எடுத்ததில் சிறுநீர்ப்பையில் 2.5 செ.மீ. கட்டி இருப்பதாக வந்திருக்கிறது. உடனே கேமரா விட்டுச் சுரண்டி எடுக்க வேண்டும் என்கிறார் டாக்டர். ஆனால் தெரிந்தவர் மூலம் வந்த ஏஜென்ட் ஒருவர், “வெளிநாட்டில் இப்போது ஒளி பாய்ச்சியே கட்டியைக் கரைக்கிறார்கள். முதலில் அதைச் செய்தால் ஆபரேஷனே தேவைப்படாது. இடம் பிடிக்க 2 லட்சம் கட்டுங்கள்” என்கிறார். அதுவரை காத்திருக்கலாமா? – வாசகி, திண்டுக்கல்

பதில்: காத்திருக்க வேண்டாம். அந்த 2 லட்சத்தையும் கட்ட வேண்டாம்.

ஏஜென்ட் சொல்வது முழுப் பொய் அல்ல, அதுதான் தொல்லை. அமெரிக்காவைச் சேர்ந்த ஆரா பயோசயின்சஸ் என்ற நிறுவனம் பெல்-சார் என்ற மருந்தைச் சோதித்து வருகிறது. கண்ணுக்குள் வரும் ஒரு புற்றுநோய்க்காகத் தொடங்கிய மருந்து அது. அதை ஸ்கோப் (சிறுநீர்ப்பைக்குள் விடும் கேமரா குழாய்) வழியாகக் கட்டிக்குள் ஊசியாகப் போட்டு, பிறகு லேசர் ஒளியைப் பாய்ச்சுகிறார்கள். ஒளி பட்டதும் மருந்தில் உள்ள சாயம் விழித்துக்கொண்டு, ஒட்டியிருக்கும் புற்றுச் செல்களைச் சிதைக்கிறது. உடம்பின் எதிர்ப்பு சக்தியும் கிளம்பும் என்று எதிர்பார்க்கிறார்கள். 2024 அக்டோபரில் வெளியான முதற்கட்ட முடிவில், ஒளியும் சேர்த்துக் கொடுத்த, வீரியம் குறைந்த கட்டி உள்ள 5 பேரில் 4 பேருக்குக் கட்டி மறைந்திருந்தது. நல்ல செய்திதான். ஆனால் 5 பேர்! அந்த ஆய்விலும் ஒளி கொடுத்த சில நாளில் அதே இடத்தைச் சுரண்டிப் பரிசோதித்தார்கள். ஆபரேஷனுக்கு முன்னால் செய்கிற சிகிச்சை என்பதை ஏஜென்ட் ‘ஆபரேஷனுக்குப் பதில்’ என்று மாற்றிவிட்டார்.

இன்னொரு குழப்படியும் நடக்கிறது. நீல ஒளி ஸ்கோப் என்று ஒன்று உண்டு. சிறுநீர்ப்பைக்குள் ஒரு மருந்தை விட்டு, சுமார் ஒரு மணி நேரம் கழித்து நீல ஒளியில் பார்த்தால் புற்று உள்ள இடம் இளஞ்சிவப்பாக ஒளிரும். வெள்ளை ஒளியில் கண்ணுக்குத் தப்பும் சின்னக் கட்டியும் தெரியும். அது நோயைக் கண்டுபிடிக்க மட்டும்தான். ஒரு செல்லைக்கூடக் கொல்லாது. அதைப் பில்லில் ‘ஒளி சிகிச்சை’ என்று எழுதி லட்சக்கணக்கில் வாங்கியதை நான் பார்த்திருக்கிறேன். சாதாரண லேசர் ஆபரேஷனையும் இதே பெயரில் விற்கிறார்கள்.

‘பக்கவிளைவே கிடையாது’ என்றும் ஏஜென்ட் சொல்லியிருப்பார். 1993-லேயே கனடாவில் சிறுநீர்ப்பைப் புற்றுக்கு போட்டோஃப்ரின் என்ற ஒளி மருந்துக்கு அனுமதி கிடைத்தது. அதைப் போட்டுக்கொண்டவர்கள் வாரக்கணக்கில் வெயில் படாமல் இருக்க வேண்டியிருந்தது. சிலருக்கு சிறுநீர்ப்பையே சுருங்கிப்போனது. புதிய மருந்துகள் மேம்பட்டவைதான், ஆனால் ஒளி சில மில்லிமீட்டர் ஆழத்துக்கு மேல் போகாது என்பது மாறவில்லை.

உங்கள் அப்பா விஷயத்தில் இந்த ஆழம்தான் முக்கியம். புற்று மேல்தோலோடு நிற்கிறதா, தசைக்குள் இறங்கிவிட்டதா என்பதை ஸ்கேன் சரியாகச் சொல்லாது. சுரண்டி எடுத்த சதையைப் பார்த்தால்தான் தெரியும். தசைக்குள் போயிருந்தால் சிகிச்சையே வேறு. அப்படி இருக்கும்போது விசாவுக்காக இரண்டு மாதம் ஓட்டுவது ஆபத்து. எனவே சுரண்டும்போது அடித்தசையும் சேர்த்து எடுத்து, தனி டப்பாவில் போட்டு அனுப்பச் சொல்லுங்கள். பல இடங்களில் சதை கெடாமல் இருக்க ஃபார்மலின் திரவம் ஊற்றிய அந்த டப்பாவை உங்கள் கையிலேயே கொடுத்து லேப்புக்கு அனுப்புவார்கள். லேபிளில் பெயரும் ‘மேல் பகுதி’, ‘அடிப்பகுதி’ என்பதும் இருக்கிறதா பாருங்கள். ரிப்போர்ட்டில் ‘தசை இல்லை’ என்று வந்தால், எடுத்த சதையில் அடித்தசை வரவில்லை என்று அர்த்தம்; திரும்பச் சுரண்ட வேண்டுமா என்று அங்கேயே கேளுங்கள். அந்த ஒரு வரியை யாரும் படிக்காமலே நோயாளியை வீட்டுக்கு அனுப்புவது நம் ஊரில் வழக்கமாகிவிட்டது. எழுதுபவருக்கும் அவசரம், படிப்பவருக்கும் அவசரம்.

காத்திருக்கவே கூடாதா என்றால், ஒரு விதிவிலக்கு உண்டு. ஏற்கெனவே சுரண்டி, வீரியம் குறைந்தது, மேல்தோலோடு நிற்பது என்று நிரூபணமானவர். ஒன்றிரண்டு வருஷம் கழித்து நெல்மணி அளவுக்கு மறுபடி முளைக்கிறது. வயது எண்பதைத் தாண்டிவிட்டது, இதயத்தில் ஸ்டென்ட், ரத்தம் உறையாத மாத்திரை. இப்படிப்பட்டவரை மயக்கம் கொடுத்துச் சுரண்ட நானே யோசிப்பேன். சில மாதம் பார்க்கலாம், அல்லது வெளிநோயாளியாகவே கரண்ட் வைத்துக் கருக்கிவிடலாம். சிறுநீர்ப் பரிசோதனையில் வீரியமான செல் தெரியாமல் இருக்க வேண்டும், மறுபடி ரத்தமும் போகக் கூடாது. நாளைக்கு ஒளி சிகிச்சை உண்மையிலேயே பலித்தால் முதலில் பலன் பெறப் போவதும் பெரும்பாலும் இவர்கள்தான். உங்கள் அப்பாவுக்கு இது முதல் கட்டி, 2.5 செ.மீ. வேறு. அவர் இந்தக் கணக்கில் வரமாட்டார்.

ஏஜென்டிடம் ஒன்று மட்டும் கேளுங்கள்: இது ஆராய்ச்சியா, அனுமதி பெற்ற சிகிச்சையா? ஆராய்ச்சி என்றால் பதிவு எண் கொடுக்கட்டும். இந்தியாவில் 2009 ஜூன் முதல் மருந்து ஆய்வுகளை சி.டி.ஆர்.ஐ. பதிவேட்டில் ஏற்றுவது கட்டாயம். யார் வேண்டுமானாலும் இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். வெளிநாடுகளிலும் இப்படிப் பதிவேடுகள் உண்டு. நிறுவனம் நடத்தும் ஆய்வில் சோதனை மருந்துக்கு நோயாளி பணம் கட்டுவதில்லை, இடம் பிடிக்க அட்வான்ஸ் என்பதும் கிடையாது. எண் கேட்டதும் போனை எடுக்க மாட்டார், பாருங்கள்.

ஆபரேஷன் முடிந்த 24 மணி நேரத்துக்குள் சிறுநீர்ப்பைக்குள் ஒரு டோஸ் மைட்டோமைசின் என்ற புற்றுநோய் மருந்தை விடுவார்களா என்று முன்கூட்டியே கேட்டு வையுங்கள். வீரியமான வகை என்று வந்தால் சிறுநீர்ப்பைக்குள் விடும் பி.சி.ஜி. மருந்து தேவைப்படும். அது சில மாதங்கள் சந்தையிலேயே கிடைக்காமல் போகும். நாடு முழுக்க நோயாளிகள் அலைவார்கள், கேட்பாரில்லை. எனவே ரிப்போர்ட் வந்த அன்றே ஆஸ்பத்திரி மருந்தகத்தில் சொல்லி வைத்துவிடுங்கள். அப்பாவுக்கு பீடி, சிகரெட் பழக்கம் இருந்தால் ஆபரேஷனுக்கு முன்பே நிறுத்த வேண்டும். ஆஸ்பிரின் மாதிரி மாத்திரை சாப்பிடுகிறார் என்றால் நீங்களாக நிறுத்தாமல் அட்டையோடு டாக்டரிடம் காட்டுங்கள்.