நாத்தனார் எழுதிய வரலாறு

கேள்வி: முகலாய அரண்மனைப் பெண்களைப் பற்றிச் சென்ற இதழில் கட்டுரை வெளியிட்டிருந்தீர்கள். யாருக்குக் கல்யாணம், யாருக்குப் பிள்ளை, யார் யாரிடம் கோபித்துக்கொண்டார்கள் என்று அண்ணியும் நாத்தனாரும் பேசிக்கொண்ட அந்தப்புரக் கதைகள் எப்படி வரலாறு ஆகும்? போர், நிர்வாகம், வரிவசூல் பற்றி எழுதக் கூடாதா?
– ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: போரிலிருந்தே தொடங்குவோம். 1539 ஜூனில் பீகாரின் சௌசாவில் ஆப்கானியத் தலைவர் ஷேர்கானிடம் முகலாயப் பேரரசர் ஹுமாயூன் தோற்றார். கங்கையில் தத்தளித்த அரசரை, தோல்பையில் நீர் சுமக்கும் ஒருவர் காப்பாற்றினார். இவ்வளவும் பள்ளிப் பாடத்திலேயே உண்டு. அந்தப் பாசறையில் பெண்களும் இருந்தார்கள். அவர்கள் என்ன ஆனார்கள் என்று நீங்கள் என்றாவது கேட்டதுண்டா? ஹுமாயூனின் தங்கை குல்பதன் பேகம் கேட்டார். காணாமல் போனவர்களைப் பெயர் சொல்லி எழுதிவைத்தார். அவர்களில் ஒருவர் ஏழு மாதக் கர்ப்பிணியான சாந்த் பீபி. இன்னொருத்தி ஹுமாயூனின் சின்ன மகள் அகீகா. எவ்வளவு தேடியும் அவர்களைப் பற்றி எந்தத் தகவலும் கிடைக்கவில்லை. அந்தக் குழந்தையை ஏன் கூட்டிக்கொண்டு போனேன் என்று அண்ணன் நொந்து அழுங்கியதையும் தங்கை பதிவு செய்திருக்கிறார். இதை வெறும் அந்தப்புரக் கதை என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை.

குல்பதன் பாபரின் மகள். பாபரையும் ஹுமாயூனையும் பற்றித் தெரிந்ததையெல்லாம் எழுதித் தரும்படி அவரைக் கேட்டுக்கொண்டவர் ஹுமாயூனின் மகன் அக்பர். அரசவையில் எழுத்தர்களுக்கா பஞ்சம்? இருந்தும் பேரரசர் அத்தையிடம் போனார். தந்தை இறந்தபோது தமக்கு எட்டு வயதுதான், நினைவில் இருப்பது கொஞ்சம்தான் என்று அத்தை நேர்மையாகச் சொல்லிவிட்டே தொடங்குகிறார். மற்றதெல்லாம் வீட்டுப் பெண்கள் சொல்லக் கேட்டது. ஹுமாயூன் நாமா என்ற அவருடைய நூல் இப்படித்தான் உருவாயிற்று.

நீங்கள் இளக்காரமாகச் சொன்ன அந்த அண்ணியின் கல்யாணக் கதைக்கே வருகிறேன். 1541இல், நாட்டை இழந்து சிந்துப் பகுதியில் அலைந்துகொண்டிருந்த ஹுமாயூன், ஹமீதா பானு என்ற இளம்பெண்ணை மணக்க விரும்பினார். அவர் மறுத்தார். அரசர் கூப்பிட்டும் போகவில்லை. நாற்பது நாள் பேச்சு நடந்தது. குல்பதனின் தாய் தில்தார் பேகம், எப்படியும் ஒருவரை மணக்கத்தானே வேண்டும், அரசரைவிட மேலானவர் யார் என்று எடுத்துச் சொன்னார். ஹமீதாவின் பதில்: மணப்பேன், ஆனால் என் கை அவருடைய சட்டைக் கழுத்தை எட்ட வேண்டும். அங்கியின் விளிம்பைக்கூட எட்டாத உயரத்தில் இருப்பவர் எனக்கு வேண்டாம். பதினாறாம் நூற்றாண்டில் ஒரு பெண் பேரரசருக்கு வைத்த நிபந்தனை இது! அப்போது குல்பதன் சிந்துவில் இல்லை. காபூல் பக்கம் ஹுமாயூனின் தம்பி கம்ரானின் பொறுப்பில் இருந்தார். அண்ணியோ அம்மாவோ பின்னாளில் மனம்விட்டுப் பேசியிராவிட்டால் இந்தச் சொற்கள் நம்மை வந்தடைந்திருக்க வழியே இல்லை. பாரசீகத்துக்குப் போகும் வழியில், கடுங்குளிரில், சமைக்கப் பாத்திரம் இல்லாமல் குதிரை இறைச்சியைத் தலைக்கவசத்தில் வேகவைத்தார்கள் என்ற செய்தியும் அப்படி வந்ததுதான்.

அந்தப் பயணத்தின்போது ஹுமாயூனும் ஹமீதாவும் தங்கள் குழந்தை அக்பரைப் பகைவனாகிவிட்ட சித்தப்பா அஸ்காரியின் ஆட்களிடம் விட்டுவிட்டுப் போக நேர்ந்தது. கந்தஹாரில் அந்தப் பிள்ளையை அன்போடு பார்த்துக்கொண்டவர் அஸ்காரியின் மனைவி சுல்தானம் பேகம். பிள்ளை வளர்த்த கதைதான். ஆனால் வளர்ந்த பிள்ளை யார் என்று யோசித்துப் பாருங்கள்.

நிர்வாகம் வேண்டும் என்கிறீர்கள். தொழுகையில் யார் பெயரால் குத்பா என்னும் உரை ஓதப்படுகிறதோ அவரே அரசர். தன் பெயரில் ஓத வேண்டும் என்று கம்ரான் பிடிவாதம் பிடித்தபோது விவகாரம் தில்தாரிடம் வந்தது. அவர், குடும்பத்தில் மூத்தவரைக் கேள் என்று பாபரின் அக்காள் கான்சாதா பேகத்தைக் கைகாட்டினார். கான்சாதா அசையவில்லை: பாபர் ஆட்சியை ஹுமாயூனுக்குத்தான் கொடுத்தார், இதுவரை நீங்கள் எல்லாரும் அவர் பெயரில்தான் ஓதினீர்கள். ஆட்சியுரிமை பற்றிய வழக்கு வீட்டுப் பெண்களின் முன்னால் நடந்திருக்கிறது! இதற்கு மேல் என்ன நிர்வாகம் வேண்டும் உங்களுக்கு?

அண்ணியும் நாத்தனாரும் என்றால் சண்டைதான் என்று தொலைக்காட்சித் தொடர்கள் நமக்குச் சொல்லிக்கொடுத்திருக்கின்றன. ஹமீதாவும் குல்பதனும் காபூல், ஆக்ரா என்று ஏறத்தாழ அறுபது ஆண்டு உறவை விடாமல் காத்தவர்கள். 1603இல் குல்பதனின் இறுதி நேரத்தில் ஹமீதா பக்கத்தில் இருந்தார். அத்தையின் பாடையைச் சிறிது தூரம் அக்பர் தோளில் சுமந்தார். மறு ஆண்டே ஹமீதாவும் போய்விட்டார்.

ஹுமாயூன் நாமாவின் ஒரே ஒரு கையெழுத்துப் பிரதிதான் அறிஞர்களின் கைக்குக் கிடைத்தது. இன்று அது லண்டனில் இருக்கிறது. அதுவும் கம்ரானின் கண்களைக் குருடாக்கிய இடத்தில் அறுந்து நிற்கிறது. அதற்குப் பிறகு குல்பதன் எழுதிய பக்கங்கள் எங்கே போயின என்பதுதான் என் ஏக்கம். நீங்களோ கிடைத்த பக்கங்களையே வேண்டாம் என்கிறீர்கள். வரிவசூல் பற்றியும் எழுதுவோம்; அக்பரின் நிதியமைச்சர் தோடர்மாலின் நிலவரித் திட்டத்துக்கு விரிவான கட்டுரையே போடலாம். ஆனால் அதற்காகக் குல்பதனை நிறுத்த மாட்டோம்.