மருந்து அடித்த பத்தாம் நாளே உண்ணி ஏன் திரும்புகிறது?

மாட்டுக்கு மாதம் ஒருமுறை உண்ணி மருந்து அடிக்கிறேன். பத்து நாள் சுத்தமாக இருக்கிறது, பிறகு பழையபடி அப்பிக்கொள்கிறது. மருந்து போலியா?

மருந்தைச் சந்தேகிக்குமுன் தொழுவத்துச் சுவரைப் பாருங்கள். ஆமணக்கு விதை போல ஊதிய பெண் உண்ணி மாட்டின் மேல் முட்டையிடுவதில்லை. கீழே விழுந்து, தரை வெடிப்பிலோ தீவனத் தொட்டி இடுக்கிலோ புகுந்து, இரண்டாயிரம் மூவாயிரம் முட்டைகளை இட்டுவிட்டுச் சாகும். நீங்கள் மாட்டைச் சுத்தம் செய்கிறீர்கள். குஞ்சுகள் சுவரில் காத்திருக்கின்றன.

நம் பக்கம் அதிகம் காணும் மாட்டு உண்ணி, குஞ்சாக ஏறி ரத்தம் குடித்து விழுவதற்குச் சுமார் 3 வாரம் ஆகும். ஆகவே மாதக் கணக்கு உதவாது; முதல் முறை அடித்த 15ஆம் நாள் மறுபடி அடியுங்கள். எல்லா மாடு கன்றுகளுக்கும் ஒரே நாளில் அடிக்க வேண்டும். சுவர், தரை, தொட்டியின் அடிப்பாகத்தையும் விடாதீர்கள். வெடிப்புகளைப் பூசிச் சுண்ணாம்பு அடியுங்கள். காதின் உட்புறம், வாலடி, மடி, தொடை இடுக்கு ஆகியவைதான் உண்ணியின் கோட்டைகள்; முதுகில் மட்டும் தெளித்துவிட்டு வருபவர்களே அதிகம். சிக்கனம் என்று மருந்தை நீர்க்கக் கலப்பது, உண்ணிக்கு அந்த மருந்தைப் பழக்கிவிடுகிற வேலை.

கலப்பின ஜெர்சிக்குக் கடும் காய்ச்சல். சிறுநீர் காபி நிறத்தில் போகிறது. கஷாயம் கொடுக்கலாமா?

இதைப் படித்து முடிக்கும்வரைகூடக் காத்திருக்காமல் கால்நடை ஆம்புலன்ஸ் எண் 1962ஐ அழையுங்கள். உண்ணி பரப்பும் பபீசியா என்ற நுண்ணிய ஒட்டுண்ணி, ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும்போது சிறுநீர் இப்படி மாறும். தோளுக்கு முன்னால் நெறி கட்டியிருந்தால் உண்ணி பரப்பும் இன்னொரு ஒட்டுண்ணியான தைலேரியாவாகவும் இருக்கலாம். இரண்டுக்கும் மருந்து வேறு வேறு என்பதால் ரத்தப் பரிசோதனை அவசியம்.

கறவை மாட்டுக்கு ஐவர்மெக்டின் ஊசி போடலாமா?

வேண்டாம். மருந்து பாலில் இறங்கும்.

உண்ணியைப் பிடுங்கி நகத்தால் நசுக்குவது என் வழக்கம்.

விட்டுவிடுங்கள். 2011இல் குஜராத்தில் உயிர்களைப் பறித்த கிரிமியன்-காங்கோ காய்ச்சல், உண்ணியை வெறுங்கையால் நசுக்கினாலும் மனிதருக்குத் தொற்றக்கூடியது. கையுறை போட்டுப் பிடுங்கி, நெருப்பில் போடுங்கள்.

மூலிகை மருந்து பலிக்குமா?

உண்ணி குறைவாக இருந்தால் பலிக்கும். பூண்டு 10 பல், வசம்பு 10 கிராம், மஞ்சள்தூள் 20 கிராம், வேப்பிலை, துளசி, உண்ணிச்செடி இலை ஒவ்வொரு கைப்பிடி. அரைத்து 1 லிட்டர் நீரில் கரைத்து, வடிகட்டி, வாரம் ஒருமுறை தெளியுங்கள். மிச்ச உண்ணிச்செடியை மாடு எட்டாத இடத்தில் போடுங்கள். தின்றால் ஈரல் கெடும்.